தாவரத்தின் பங்கும் பிராணியின் பங்கும்

1890-களில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்னும் பட்டணத்திலே, வெஸ்லியன் சர்வகலாசாலைக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், உட்புறம் முழுவதும் தாமிரத் தகடு பதித்த ஒரு சிறு அறை கட்டப்பட்டது. ஒரு மடக்குக் கட்டிலும் ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் போட்டால் நிரம்பிவிடும் அந்த அறைக்குள் மனிதர் ஒருவர் நாட்கணக்கில் வாசம் செய்வார். அவர் உண்ணும் ரொட்டியும் பாலும் மாமிசமும் நிறுக்கப்பட்டு ஒரு துவாரத்தின் வழியே உள்ளே செல்லும். அவர் கழிப்பதும் அவ்வாறே நிறுக்கப்பட்டு வெளியே வரும். அவர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு அளக்கப்படும். அவருடைய சரீரத்திலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தையோ, சுவரோரக் குழாய்களில் ஓடும் குளிர்ந்த ஜலம் ஏந்திக்கொண்டு வந்து வெப்பமானிக்குச் சொல்லும். சில நாட்களில் அவர் சும்மா படுத்திருப்பார். சில நாட்களில் அங்கே பொருத்தப்பட்டிருந்த ஒரு சைக்கிளை மணிக்கணக்கில் மிதிப்பார். ஜெர்மனியில் பெரிய ஆசிரியர்களிடம் ஆகார சாஸ்திரம் பயின்று திரும்பிய வில்பர் அட்வாட்டர் என்ற ரசாயனப் பேராசிரியரும், ரோஸா என்ற பௌதிக அறிஞரும் சேர்ந்து நிகழ்த்திய இந்தப் பரிசோதனைகளால் நிலைநாட்டப்பட்ட உண்மை இதுதான்: மனித சரீரமும் பிரபஞ்சத்தின் மற்றப் பொருள்களைப் போலவே சக்தியின் அழியாமை விதிக்குக் கட்டுப்பட்டது, உள்ளே போனது எவ்வளவோ அவ்வளவே உஷ்ணமாகவும் உழைப்பாகவும் வெளிவரும், எஞ்சியது உடம்பில் சேமிக்கப்படும்.

மாவுப்பொருளிலும் புரதத்திலும் ஒரு கிராமுக்குச் சுமார் 4 கலோரி, கொழுப்பில் சுமார் 9 கலோரி என்று இன்று பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் அச்சிடப்படும் கணக்கெல்லாம் அட்வாட்டர் வகுத்த அளவுகளின் வழி வந்தவையே. ஆகார சாஸ்திரிகள் சொல்லும் கலோரியாவது, ஒரு கிலோ ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி. இந்த அளவுகோலுக்கு ஆகாரத்தின் குலம் கோத்திரம் தெரியாது. அரிசியிலிருந்து வந்த நூறு கலோரியும் ஆட்டிறைச்சியிலிருந்து வந்த நூறு கலோரியும் அதன் முன் சமம். ஆனால் அந்த நூறு கலோரி எத்தனை நிலத்தை விழுங்கி வந்தது, எத்தனை தீவனத்தை அழித்து வந்தது, யாருடைய தட்டுக்கு வந்தது என்ற கேள்விகள் எழுந்தவுடனே தாவரமும் பிராணியும் இரண்டு தனி உலகங்களாகப் பிரிந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உலக மக்களின் ஆகாரச் சக்தி கடந்த அறுபது ஆண்டுகளில் எப்படிப் பங்கிடப்பட்டு வந்திருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இந்த ஆராய்ச்சியின் சரித்திரத்தில் நம் நீலகிரிக்கும் ஓர் இடம் உண்டு. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆகார ஆராய்ச்சி நாளடைவில் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்து, பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. 1935 முதல் பத்தாண்டுக் காலம் குன்னூரில் தலைமை வகித்த வாலஸ் அய்க்ராய்டு என்பவர், நம் தேசத்தார் உண்ணும் தானியங்களையும் பருப்புகளையும் கீரைகளையும் பகுத்துப் பார்த்து அவற்றின் சத்துக்களை அட்டவணைகளாக 1937-இல் வெளியிட்டார். வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் அங்கம் வகித்து, கலோரிப் பற்றாக்குறை என்பது காகிதத்தில் எழுதும் எண் அல்ல என்பதை நேரில் கண்டார். பின்னர் 1945-இல் பிறந்த ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் தலைவரானார். அந்த ஸ்தாபனமே உலக நாடுகள் ஒவ்வொன்றுக்கும் 1961-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடர்ச்சியாக ஓர் ஆகார ஐந்தொகையைத் தந்து வருகிறது.

அந்த ஐந்தொகை தயாராகும் விதம் எளிமையானது. ஒரு தேசம் ஓர் ஆண்டில் விளைவித்த பண்டத்தோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும், விதைக்கு எடுத்ததையும், மாட்டுக்கும் கோழிக்கும் போட்டதையும், ஆலைகளுக்குச் சென்றதையும், கிடங்கிலும் வழியிலும் பாழானதையும் கழித்து, மீந்ததை ஜனத்தொகையாலும் ஆண்டின் நாட்களாலும் வகுத்தால், தலைக்கு இத்தனை கலோரி என்ற எண் கிடைக்கும். இது சந்தைக்கும் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்த ஆகாரத்தின் கணக்கேயன்றி வயிற்றுக்குள் சென்றதன் கணக்கல்ல. குப்பைத் தொட்டிக்குப் போனதும் இதில் அடக்கம். செல்வர் பங்கு எவ்வளவு, தரித்திரர் பங்கு எவ்வளவு என்று இது சொல்லாது. இத்தனை குறைகள் இருந்தும், தேசங்களின் ஆகார கதியை அறுபது ஆண்டுகளுக்கு ஒரே அளவுகோலால் அளந்து காட்டும் சாதனம் வேறொன்று நம்மிடம் இல்லாததால், குறையை நினைவில் வைத்துக்கொண்டே இதைக் கையாளுகிறோம்.

1961-இல் உலகத்தின் ஜனத்தொகை சுமார் 306 கோடி. தலைக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2,200 கலோரி. இன்று ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. கிடைப்பதோ 3,000 கலோரியை நெருங்கி நிற்கிறது. ஜனப் பெருக்கத்தால் உலகம் பட்டினியில் அழியும் என்று அந்நாளில் கலங்கிய பெரியோர்கள் பலர். அவர்கள் அஞ்சியது நடவாமல், வாய்கள் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிய அதே காலத்தில் தலைக்குக் கிடைக்கும் ஆகாரமும் மூன்றில் ஒரு பங்கு கூடியது மானிடரின் உழைப்புக்குக் கிடைத்த பெரும் வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. இனி அதில் பிராணிகளின் பங்கைப் பார்ப்போம். மாமிசம், மீன், முட்டை, பால், நெய், கொழுப்பு எல்லாம் சேர்ந்து 1961-இல் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு. இப்போது நூற்றுக்குச் சுமார் 18 பங்கு. உலகத்து மாமிச உற்பத்தி 7 கோடி டன்னிலிருந்து 35 கோடி டன் அளவுக்கு, அதாவது ஐந்து மடங்காகப் பெருகியிருக்க, பிராணிச் சக்தியின் பங்கு மூன்றே மூன்று புள்ளிகள்தாம் ஏறியிருக்கிறது என்றால், அது முதல் பார்வையில் நம்பத் தகாததாகத் தோன்றும்.

இதற்குக் காரணங்கள் பல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மாமிசம் பெருகிய அளவுக்கு வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் பெருகவில்லை, தலைக்கணக்கில் அவை குறைந்தே போயின. பால் உலகச் சராசரியில் அதிகம் அசையவில்லை. ஜனங்கள் மிகுதியாகப் பெருகியதோ ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், அதாவது பிராணி ஆகாரத்தை மிகக் குறைவாக உண்ணும் தேசங்களில். எல்லாவற்றுக்கும் மேலாக, தாவரத்தின் பக்கத்திலேயே ஒரு புதிய வெள்ளம் பாய்ந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறேன். இப்போதைக்கு வாசகர் மனத்தில் பதிய வேண்டியது, அசையாமல் நிற்பது போலக் காணப்படும் அந்தச் சராசரிக்கு அடியில் தேசங்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன என்பதுதான்.

மிகப் பெரிய மாறுதல் சீனாவில் நேர்ந்தது. 1961 என்பது அந்நாட்டில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டு போன மகா பஞ்சத்தின் இறுதி ஆண்டு. அவ்வாண்டின் ஐந்தொகையில் தலைக்கு 1,500 கலோரி கூடத் தேறவில்லை; அதிலும் பிராணிகளிடமிருந்து வந்தது நூற்றுக்கு 4 பங்கே. ஓர் ஆள் ஆண்டு முழுவதற்கும் பெற்ற மாமிசம் சுமார் 4 கிலோ. பஞ்சம் நீங்கி வயிறு நிரம்பத் தொடங்கியபோது முதலில் கூடியது அரிசியும் கோதுமையும். 1978-க்குப் பின் சந்தை திறந்து, குடியானவர் கையிலும் பட்டணத்துத் தொழிலாளர் கையிலும் காசு புழங்கத் தொடங்கிய பிறகு கூடியது பன்றி இறைச்சி. இன்று சீனர் ஒருவருக்கு ஆண்டுக்கு 60 கிலோவுக்கு மேல் மாமிசம் கிடைக்கிறது. தலைக்கு 3,000-க்கு மேற்பட்ட கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு அதிகமாகப் பிராணிகளிடமிருந்து வருகிறது. உலகத்துப் பன்றிகளில் ஏறக்குறையப் பாதி அந்த ஒரு தேசத்தில் வளர்கின்றன. ஹூபே மாகாணத்து எஜோ நகரத்தில் பன்றி வளர்ப்பதற்கென்றே 26 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி 2022-இல் திறந்தார்கள். முற்காலத்துச் சீனக் குடியானவன் வீட்டுக் கொல்லையில் சமையற்கட்டின் எச்சத்தையும் தவிட்டையும் தின்று வளர்ந்த பன்றி, பருவந்தோறும் எருவைத் தந்து, புத்தாண்டுப் பண்டிகைக்கு இறைச்சியாகும். மாடியில் வளரும் பன்றிக்கு அத்தகைய எச்சம் போதாது. அதற்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வேண்டும். சோயா மொச்சையின் பிறப்பிடமே சீனா. அதைத் தோபுவாகவும் குழம்பாகவும் ஆக்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாமே உண்டவர்கள் சீனர்கள். 2020-இல் அந்நாடு வெளியிலிருந்து வரவழைத்த சோயா சுமார் 10 கோடி டன். அதில் பெரும்பகுதி பிரேசிலில் விளைந்தது. அதன் புண்ணாக்கு மனிதர் வாய்க்கல்லாமல் பன்றிக்கும் கோழிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜப்பான் இதே பாதையில் முன்னே நடந்த தேசம். கி.பி. 675-இல் தென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை முதலியவற்றைத் தின்பதற்கு விதித்த தடையின் செல்வாக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகள் நிலவி, 1872-இல் மெய்ஜி சக்கரவர்த்தி மாமிசம் புசித்த செய்தி பரவியதோடு தளர்ந்தது. ஆயினும் சாதாரண ஜனங்களின் ஆகாரம் உண்மையில் மாறியது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய செழிப்பில்தான். 1962-இல் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 118 கிலோ அரிசி உண்ட தேசம் இன்று அதில் பாதிக்கும் குறைவாக உண்கிறது. 1965-இல் மொத்தக் கலோரியில் நூற்றுக்கு 44 பங்கைத் தந்த அரிசி இன்று 21 பங்கைத்தான் தருகிறது. அரிசி விட்ட இடத்தில் பாலும் முட்டையும் மாமிசமும் எண்ணெயும் வந்து அமர்ந்துவிட்டன. வருமானம் உயர உயர, ஆகாரத்தில் மாவுத் தானியங்களின் பங்கு குறையும் என்று மெரில் பென்னெட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1941-இல் பல தேசங்களின் கணக்குகளை ஒப்பிட்டுக் கண்டார். அந்த விதிக்கு ஜப்பானைவிடத் துல்லியமான உதாரணம் தேடினும் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் நேர்ந்தது இதற்கு மாறானது. 1961-இல் அங்கே தலைக்கு 2,900 கலோரி. அதில் பிராணிகளின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அரை நூற்றாண்டு கழித்து அப்பங்கு நாலில் ஒன்றை நெருங்கிவிட்டது. அமெரிக்கர் மாமிசத்தைத் துறந்து சாத்விக ஆகாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று இதிலிருந்து யாரேனும் முடிவு கட்டினால் அது பெரும் பிழை. பிராணிகளிடமிருந்து அவர்கள் பெற்ற கலோரி அன்றும் சுமார் ஆயிரம், பிறகும் சுமார் ஆயிரம். மாட்டிறைச்சி குறைந்த இடத்தில் கோழி வந்தது. குடிக்கும் பால் குறைந்த இடத்தில் பாலடைக்கட்டி வந்தது. ஆனால் மொத்தமோ 2,900-இலிருந்து 3,700-ஐ எட்டியது. அப்படிக் கூடிய எண்ணூறு கலோரியும் எண்ணெய், மக்காச்சோளப் பாகு, மாவுப் பண்டம் என்ற வடிவில் தாவரங்களிடமிருந்து வந்தவை. பிராணியின் பங்கு குறைந்தது, பிராணி ஆகாரம் குறையவில்லை. விகிதத்தை மட்டும் பார்த்துத் தேசத்தின் ஆரோக்கியத்தை நிச்சயிப்பவர்கள் ஏமாந்து போகும் இடம் இது.

மேலே சொல்லாமல் நிறுத்திய வெள்ளம் இந்த எண்ணெய் வெள்ளமே. ஆகார மாறுதலைப் பற்றிப் பேசும் எல்லோரும் மாமிசத்தைக் குறித்தே வாதாடுகிறார்கள். ஆனால் தாவர எண்ணெய் உலகத்தார் ஆகாரத்தில் தன் பங்கை இரட்டித்துக்கொண்டு, நூற்றுக்கு 5 பங்காக இருந்தது 10 பங்கை எட்டியிருப்பது, மாமிசத்தின் வளர்ச்சியைக் காட்டிலும் பரவலான, ஏழைகளின் அடுப்பங்கரை வரை சென்ற மாறுதல் என்பது என் துணிபு. மாமிசம் வாங்கச் சக்தியற்ற குடும்பத்திலும் ஒரு கரண்டி எண்ணெய் ஏறிவிட்டது. இதில் முதன்மையானது பனை வகை மரம் ஒன்றின் பழத்திலிருந்து பிழிவது. நாம் பாமாயில் என்று வழங்குவது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரிய அந்த மரத்தின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவில் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன; அவற்றின் சந்ததி சுமத்திராவுக்கும், பின்னர் மலேயாவுக்கும் பரவியது. ரப்பருக்கென்று மலேயாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வம்சத்தார் இந்த எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் தலைமுறைக் கணக்கில் உழைத்தவர்கள். புது மண்ணில் மரம் செழித்ததே தவிர, அதன் பூக்களில் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டதால், தொழிலாளர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, ஒவ்வொரு பெண் பூங்குலையிலும் மகரந்தப் பொடியைக் கையாலே தூவ வேண்டியிருந்தது. கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைத் தருவித்து 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். வண்டுகள் பூக்குலைகளை மொய்த்து, அந்த வேலை முழுவதையும் ஏற்றுக்கொண்டன. கையால் தூவும் வழக்கம் ஒழிந்தது, காய்ப்பு பெருகியது. 1961-இல் 15 லட்சம் டன் அளவில் இருந்த உலகத்துப் பாமாயில் உற்பத்தி இன்று 7 கோடி டன்னுக்கு மேல். அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவும் மலேசியாவும் தருவது. காடுகள் எரிந்து மறைந்ததும் இதே கதையின் ஒரு பகுதி.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1961-இல் இந்தியரின் ஆகாரச் சக்தியில் பிராணிகளின் பங்கு நூற்றுக்கு 5, 6 என்ற அளவு. இப்போது அது சுமார் 10. சீனாவைப் போல இங்கே மாமிசம் இந்த உயர்வைத் தரவில்லை, பால் தந்தது. 1950-51-இல் 1.7 கோடி டன்னாக இருந்த பால் உற்பத்தி 2022-23-இல் 23 கோடி டன்னைத் தாண்டியது. குஜராத்தின் ஆனந்த் நகரில் வேர்விட்ட பால் கூட்டுறவை 1970 முதல் தேசமெங்கும் பரப்பிய இயக்கமும், ஒன்று இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களின், விசேஷமாகப் பெண்களின், விடியற்கால உழைப்புமே அதற்குக் காரணம். வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் வரப்புப் புல்லும் தின்று பால் சுரக்கும் எருமையும் பசுவும், மனிதன் உண்ண இயலாததை மனிதனுக்கு உணவாக்கித் தருவதால், இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி நம்முடைய தானியக் குதிரைக் கொள்ளையிடாமல் கிடைத்தது. எண்ணெயில் அந்தப் பெருமையை நாம் கொண்டாட முடியாது. நாம் தாளிக்கவும் பொரிக்கவும் பயன்படுத்துவதில் பாதிக்கு மேற்பட்டது கப்பலேறி வருவது. தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடைகளில் துவரம் பருப்போடு பாமாயிலும் மலிவு விலைக்கு வழங்கப்படுகிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பழகிய நாக்கு அதை ஏற்றுக்கொள்ளச் சிலகாலம் மறுத்தாலும், விலை என்ற நியாயத்தின் முன் நாக்கின் வாதம் எடுபடவில்லை.

நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றினுள் சென்று பார்த்தால் பிராணிச் சக்தியின் கணிதம் கண்ணெதிரே விளங்கும். கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். கூண்டின் முன்னால் ஓடும் தீவனத் தொட்டியில் உடைத்த மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தவிடும், முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூளும் கலந்து கொட்டப்பட்டிருக்கும். சாய்வான அடித்தட்டில் உருண்டு வந்த முட்டைகள் முன் விளிம்பில் தங்கி நிற்கும். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்குத் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். அது ஆண்டுக்கு இடுவது முந்நூறு முட்டைக்குச் சற்று முன்பின். ஒரு முட்டையில் ஏறக்குறைய 70 கலோரி. அந்த முட்டைக்காகக் கோழி ஜீரணித்துக்கொண்டதோ 300 கலோரிக்குக் குறையாது. ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் நமக்குத் திரும்பி வருகிறது. எஞ்சியது கோழியின் மூச்சிலும் சூட்டிலும் நடமாட்டத்திலும் கரைந்துவிடுகிறது.

ஏன் கரைய வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞரை நினைவுகூராமல் இருக்க இயலாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சதுப்பு ஏரி ஒன்றில் ஐந்தாண்டுக் காலம் பாசிகளையும் பூச்சிகளையும் மீன்களையும் எண்ணி அளந்து, சூரியனிடமிருந்து செடி பெற்ற சக்தி, செடியைத் தின்பவற்றுக்கும் அவற்றைத் தின்பவற்றுக்கும் படிப்படியாக ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி உஷ்ணமாகச் சிதறிவிடுகிறது என்று அவர் காட்டினார்; இதை விளக்கிய அவருடைய கட்டுரை அச்சேறிய 1942-ஆம் ஆண்டிலேயே, அது வெளிவருமுன், 26 வயதில் மறைந்தார். ஏரிக்குப் பொருந்திய விதி பண்ணைக்கும் பொருந்தும். அமெரிக்கப் பண்ணைகளைக் கணக்கிட்டவர்கள், நூறு கலோரித் தீவனத்துக்குப் பாலிலும் முட்டையிலும் சுமார் 17, கோழி இறைச்சியில் 13, பன்றியில் 9, மாட்டிறைச்சியில் வெறும் 3 கலோரியே மனிதனுக்குத் திரும்புவதாகக் கண்டார்கள். இந்த நஷ்டத்தைக் குறைக்க வளர்ப்போர் செய்த முயற்சியும் சாமான்யமானதல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையில் 1957-ஆம் ஆண்டுக் காலத்துக் கோழி வம்சத்தையும் 2005-ஆம் ஆண்டுக் காலத்து வம்சத்தையும் ஒரே தீவனத்தில் ஒரே விதமாக வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய கோழி 905 கிராம், புதிய கோழி 4 கிலோவுக்கு மேல். பாரம்பரியத் தேர்வு ஒன்றாலேயே ஒரு ஜீவனின் உருவத்தை அரை நூற்றாண்டில் இவ்வளவு மாற்ற முடிந்தது வியப்புக்குரியது. தன் எடையைத் தாங்கக் காலில் வலுவில்லாமல் தள்ளாடும் கோழிகளைக் கண்டால் அந்த வியப்போடு வருத்தமும் சேர்ந்துவிடுகிறது.

உலகமெங்கும் பயிர்களில் விளையும் கலோரியில் நூற்றுக்கு 36 பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது என்றும், அந்த 36-இல் மாமிசமாகவும் பாலாகவும் முட்டையாகவும் மனிதரிடம் திரும்புவது ஏறக்குறைய 4 மட்டுமே என்றும் 2013-இல் மினசோட்டா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கால்நடை வளர்ப்பே பாவம் என்று பிரசாரம் செய்வோரும் உண்டு. அவர்கள் மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கால்நடைகள் தின்பதை எடையால் அளந்தால், அதில் நூற்றுக்கு 86 பங்கு புல்லும் வைக்கோலும் புண்ணாக்கும் போன்ற, மனிதன் உண்ண இயலாத பொருள்களே என்று உணவு விவசாய ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2017-இல் காட்டினார்கள். உழவுக்கு உதவாத மங்கோலியப் புல்வெளியில் ஆடும் குதிரையும் யாக்கும் இல்லையேல் மனித வாசமே இல்லை. மழை பொய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்க வெளிகளில் மாசாய் மக்களுக்கு மந்தையே வயல். கால்நடையின் குற்றம் கால்நடையிடம் இல்லை. மனிதன் உண்ணத் தகுந்த தானியத்தை, அதுவும் காட்டை வெட்டி விளைவித்த தானியத்தை, அதன் முன் மலைமலையாகக் குவிப்பவனிடம் இருக்கிறது.

கலோரியை மட்டும் எண்ணுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1950-களிலும் 60-களிலும் உலகத்து ஏழைகளுக்குப் புரதப் பஞ்சம் என்று சர்வதேச சபைகளில் பெரும் ஆரவாரம் எழுந்தபோது, உணவு விவசாய ஸ்தாபனத்தின் புள்ளிவிவரப் பகுதிக்குத் தலைமை வகித்த நம் நாட்டுப் பாண்டுரங்க வாசுதேவ சுகாத்மே, பெரும்பாலோருக்குக் குறைவாக இருப்பது புரதமல்ல, வயிறு நிரம்ப ஆகாரமே என்று வாதித்தார். தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தால் புரதம் தானே வந்து சேரும் என்ற அவருடைய வாதம் பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் புரதத்தோடு விஷயம் முடியவில்லை. பி12 என்ற ஜீவசத்து தாவரங்களில் கிடையாது. இரும்பும் துத்தநாகமும் தானியத்தில் இருந்தாலும் குடல் எளிதில் கிரகிப்பதில்லை. கென்யாவில் எம்பு வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் வழக்கமாக உண்ணும் மக்காச்சோளமும் பயறும் கலந்த கூழோடு, ஒரு பிரிவுக்குச் சிறிது மாமிசமும், ஒரு பிரிவுக்குப் பாலும், ஒரு பிரிவுக்கு அதே அளவு கலோரி தரும் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, அறிவுத் திறன் சோதனை ஒன்றில் மாமிசம் பெற்ற பிரிவு மற்றவர்களை முந்தியது. தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்தில் அவித்த முட்டை ஒன்று குழந்தையின் தட்டில் வைக்கப்படும்போது, அதன் 70 கலோரியைவிட அதிலுள்ள மற்றவையே பெரிதாகக் கருதத் தக்கவை.

ஆகாரச் சங்கிலியில் மனிதனுக்கு எந்தப் படி என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் சிலர் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஐந்தொகைகளைக் கொண்டு 2013-இல் ஓர் அளவு வகுத்தார்கள். செடிக்கு 1, செடியை மட்டும் தின்னும் பிராணிக்கு 2 என்று வைத்தால், 2009-ஆம் ஆண்டு மனிதனுக்கு 2.21, நெத்திலி மீனும் பன்றியும் நிற்கும் படி அது. சிங்கத்துக்கும் புலிக்கும் பக்கத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் மனிதனின் பெருமிதத்துக்கு அந்த எண் இடம் தரவில்லை. ஆனால் தேசங்களைத் தனித்தனியே பார்த்தால், ஆகாரத்தில் நூற்றுக்கு 97 பங்கு வரை தாவரமே உண்ணும் புருண்டி 2.04-இல் நிற்கிறது, மீனும் மாமிசமும் பாதியை மிஞ்சும் ஐஸ்லாந்து 2.5-ஐத் தாண்டி நிற்கிறது. இருவரையும் கூட்டி வகுத்து, சராசரி மனிதன் மாமிசத்தைக் குறைக்க வேண்டும் என்று உபதேசிப்பது, வருஷத்தில் சில நாட்களே மாமிசத்தைக் காணும் புருண்டிக் குடியானவளிடம் போய் உபவாசத்தின் மேன்மையைப் பேசுவதற்கு ஒப்பாகும்.

ஆதலால் பிராணி ஆகாரம் கூடவேண்டுமா குறையவேண்டுமா என்று பொதுப்படையாகக் கேட்கும் கேள்விக்கு விடை இல்லை; எந்த ஜனங்களுக்கு, எந்தத் தீவனத்திலிருந்து என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென்னாசியாவிலும் பாலையும் முட்டையையும் மீனையும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் எட்டச் செய்ய வேண்டும். ஆயிரம் கலோரியைப் பிராணிகளிடமிருந்து பெறும் தேசங்கள் அதைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டால், தானியத்தில் விடுபடும் பங்கே உலகத்துப் பசியைப் போக்கப் போதுமானது. 2050-இல் ஜனத்தொகை 970 கோடியை நெருங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டிருக்கிறது. அந்த ஜனங்களுக்கு வேண்டிய கலோரி பூமியில் இப்போதே விளைகிறது.